பள்ளிக் கணினியில் யாருடைய மென்பொருள்? பெங்களூருத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர்களோடு சில ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். வார நாட்களில் மென்பொருள் நிறுவன வேலை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் ஏதாவது ஒரு பள்ளியின் கணினி அறையில் இருப்பேன். எஸ்.டி.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் பள்ளி வளர்ச்சிக் குழுக் கூட்டங்களிலும், பள்ளி வாசலிலும், ஒருமுறை ரேஷன் கடை வரிசையிலும், பள்ளிக் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸைப் போடுவது பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வேலைக்கு ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை என்பதால் பதில்களும் அவர்களை நினைத்தே எழுதியவை.

கட்டற்ற மென்பொருள் என்பது இலவச மென்பொருள்தானே?

பெரும்பாலும் காசு கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதன் சிறப்பு விலையில் இல்லை, உரிமையில் இருக்கிறது. பெங்களூரில் போகியத்துக்கு வீடு எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பல லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பீர்கள். ஆனாலும் சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். மூடிய மென்பொருள் அப்படிப்பட்டது. பணம் கொடுத்தாலும் பயன்படுத்தும் அனுமதிதான் கிடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, மாற்ற முடியாது, பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பிரதி கொடுக்க முடியாது.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பார்கள். கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னு திட்டத்தை அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவை இரண்டும் சேர்ந்து முழுமையான ஓர் இயங்குதளம் உருவாயிற்று. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மென்பொருள் எழுதப்பட்ட மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் அதோடு வருகின்றன. ஒரு பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலையும் ஏறக்குறைய இதுதான்: படிப்பது, புரிந்துகொள்வது, பகிர்ந்துகொள்வது.

இருக்கிற விண்டோஸே ஓடிக்கொண்டிருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். நான் போகும் ஒரு பள்ளியில் பத்துக் கணினிகள் இருந்தன. நீல உறை போட்டு, சாவி தலைமை ஆசிரியையின் மேசை இழுப்பறையில். உறையை எடுத்தபோது நான்கு கணினிகள் மட்டுமே உயிர் பெற்றன. அவையும் முகப்புத் திரை வருவதற்குள் ஒரு வகுப்பின் பாதி நேரத்தைத் தின்றன. இயங்குதளம் விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11-க்குக் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு தேவை. பள்ளியில் இருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. பெட்டி நன்றாக இருந்தாலும் குப்பைக்குப் போக வேண்டும் என்பதே இதன் பொருள்.

அந்தப் பத்தில் ஏழு கணினிகளை லினக்ஸ் போட்டு எழுப்பினோம். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. இரண்டு பென் டிரைவ், சில நினைவக அட்டைகள், மூன்று மௌஸ்கள் வாங்கியதைத் தவிர வேறு செலவில்லை. கடைசி நாளில், கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸின் எழுதுபொறியைத் தமிழ் இடைமுகத்தோடு, அதாவது பட்டியல்களும் பொத்தான்களும் தமிழில் வரும்படி, திறந்து வைத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திரையின் மேல் வரிசையில் விரலை வைத்து "கோப்பு" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு திரும்பி, "அண்ணா, இதைப் பள்ளிக்கூடத்துக்காகத் தனியாகச் செய்தார்களா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் தமிழ் படிக்கச் சொல்லிக் கொடுத்தது பாட்டி. கணினி அவளுடைய பாட்டியின் மொழியில் பேசும் என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதே மென்பொருளைக் கன்னடத்துக்கு மாற்றிக் காட்டியபோது பக்கத்து இருக்கைப் பையன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

தமிழ் இடைமுகத்தை எந்த நிறுவனமும் லாபக் கணக்குப் போட்டுச் செய்து தரவில்லை. தமிழ் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்துச் சேர்த்தது. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் நாளைக்கு அந்தப் பெண்ணே திருத்தி அனுப்பலாம். நான் இதில் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கேரளாவில் எல்லாப் பள்ளிகளிலும் லினக்ஸ் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் அங்கே 2001 வாக்கில் தொடங்கியது. தொடக்கத்தில் மூடிய மென்பொருளைத்தான் பாடமாக வைத்தார்கள். அதே 2001-இல் ஸ்டால்மன் வந்திருந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் பொருளைப் பாடப்புத்தகம் விளம்பரம் செய்வதா என்று ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். படிப்படியாக மாற்றி, 2008 வாக்கில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வையே அதில்தான் நடத்துகிறார்கள். 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-இல் மாணவர்களுக்கான லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வந்தன. பள்ளிக் கணினிகளைப் பராமரிப்பதில் தொடங்கி அசைபடம் செய்வது வரை அந்தப் பிள்ளைகளே கற்றுக்கொள்கிறார்கள்.

2019-இல் கைட் ஒரு கணக்குச் சொன்னது: 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், ஒவ்வொன்றுக்கும் உரிமச் செலவு சுமார் 1.5 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,000 கோடி ரூபாய் மிச்சம். இந்தத் தொகையை நான் கூட்டங்களில் தூக்கிப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடங்கள் சந்தை விலைக்கு வாங்கப் போவதில்லை, நிறுவனங்களும் அந்த விலையைக் கேட்கப் போவதில்லை. கேரளாவின் உண்மையான சம்பாத்தியம் ஆசிரியர்கள்தான். வெளியாளை நம்பாமல், கணிதமும் உயிரியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களில் சிலரை மற்றவர்களுக்குப் பயிற்றுநர்களாக்கினார்கள். இயங்குதளத்தைப் பள்ளித் தேவைக்கேற்ப வடிவமைக்கும் வேலையிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். தாங்களே கட்டிய வீட்டை யாரும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கர்நாடகாவில் ஏன் அப்படி நடக்கவில்லை?

இங்கே வேறு வழியைப் பிடித்தார்கள். பூட் என்ற ஒப்பந்த முறை. தனியார் நிறுவனம் கணினி அறையை அமைத்து, சில ஆண்டுகள் தன் ஆளை வைத்து நடத்தி, பிறகு பள்ளியிடம் ஒப்படைக்கும். அந்த ஆண்டுகளில் கணினி அறை பள்ளிக்குள் இருக்கும், ஆனால் பள்ளியுடையதாக இருக்காது. அறிவியல் ஆசிரியர் உள்ளே போக ஒப்பந்த ஆளின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஆள் போனதும், பழையதாகிவிட்ட இயந்திரங்களும் பயிற்சி இல்லாத ஆசிரியர்களும் மிஞ்சுவார்கள். பெங்களூரில் உள்ள ஐ.டி. ஃபார் சேஞ்ச் அமைப்பு கேரள முறையையும் கர்நாடக முறையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆசிரியரை மையமாக வைத்த முறையே நிலைக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. பிறகு மாநிலக் கல்வித் துறையோடு சேர்ந்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டற்ற மென்பொருளில் பயிற்சியும் கொடுத்தது. ஆகவே நம் மாநிலத்துக்கு இது தெரியாத சங்கதி இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இன்றும் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

இன்னொன்றும் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. பன்னேர்கட்டா சாலையை ஒட்டிய குரப்பனபாளையாவில் ஒரு குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத் தன்னார்வலர்கள் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்ற பெயரில் ஓர் அறையை நடத்தினார்கள். யாரோ கழித்துப் போட்ட கணினிகள்தான். கிம்ப் மென்பொருளில் அந்தப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். நாள் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி எட்டாது என்று யாராவது சொன்னால் நான் அந்த அறையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தமிழ்நாட்டு இலவச மடிக்கணினியிலும் லினக்ஸ் இருந்ததே, யாரும் தொடவில்லையே?

ஊரில் அக்காள் பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள் வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமானது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆனால் என் அக்காள் மகனுடைய பள்ளியில் அதை ஒருநாளும் யாரும் திறந்து காட்டவில்லை. அவனுடைய ஆசிரியருக்கும் யாரும் காட்டவில்லை. பெட்டியில் வைத்துக் கொடுப்பது வேறு, பாடத்தில் வைத்துக் கற்றுக்கொடுப்பது வேறு. எல்லையைத் தாண்டினால் கேரளாவில் நடந்தது இரண்டாவது.

நிறுவனங்கள் இதை எதிர்த்து அரசுகளிடம் லாபி செய்கின்றன என்பதற்கு ஆதாரம் உண்டா? வெறும் சந்தேகமா?

ஆதாரம் உண்டு. உலகப் பத்திரிகைகளில் பதிவானவற்றை மட்டும் சொல்கிறேன்.

2002 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் உலக விற்பனைத் தலைவராக இருந்த ஒர்லாண்டோ அயாலா தம் மேலாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எந்தச் சூழ்நிலையிலும் லினக்ஸிடம் தோற்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசுகளும் கல்வி நிறுவனங்களும் லினக்ஸ் பக்கம் சாய்ந்தால், மிகக் குறைந்த விலைக்கோ தேவைப்பட்டால் விலையே இல்லாமலோ கொடுப்பதற்கு ஒரு தனி நிதி இருந்தது. 2003 மே மாதம் இது பத்திரிகைகளில் வெளியாயிற்று.

பெரு நாட்டில், அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. மைக்ரோசாஃப்டின் உள்ளூர்த் தலைவர் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 2002 ஏப்ரலில் எட்கர் வில்லனுவேவா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அதற்கு வரிக்கு வரி பதில் எழுதினார். குடிமக்களின் தகவல்கள் நெடுங்காலம் நிலைக்க வேண்டும், அவை ஒரு விற்பனையாளரின் தயவை நம்பி இருக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. அமெரிக்கத் தூதரும் மசோதாவை எதிர்த்துக் கடிதம் அனுப்பினார். அதே ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்டின் நிறுவனர் பில் கேட்ஸ் பெருவின் அதிபரைச் சந்தித்து, 5.5 லட்சம் டாலர் நன்கொடை அறிவித்தார். 2005-இல் கடைசியாக வந்த சட்டம், எந்தத் தொழில்நுட்பத்தையும் விரும்பாமல் நடுநிலையோடு வாங்க வேண்டும் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

நைஜீரியாவில் நடந்தது நேரடியாகப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. 2007-இல் மாண்டிரிவா என்ற பிரெஞ்சு லினக்ஸ் நிறுவனம் பள்ளிகளுக்கான 17,000 சிறு கணினிகளுக்குத் தன் இயங்குதளத்தைக் கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. கணினிகள் வந்து இறங்கும் நேரத்தில், பணம் மாண்டிரிவாவுக்குக் கொடுத்துவிடுகிறோம், ஆனால் அதை அழித்துவிட்டு விண்டோஸ் போடப்போகிறோம் என்று விநியோக நிறுவனம் சொன்னது. அந்த விநியோக நிறுவனத்தோடு மைக்ரோசாஃப்ட் 4 லட்சம் டாலர் அளவில் ஒரு சந்தைப்படுத்தல் உடன்பாடு பேசியது வெளியே வந்தது. மாண்டிரிவாவின் தலைவர் பகிரங்கக் கடிதம் எழுதினார், திட்டத்துக்குப் பணம் கொடுத்த அரசு அமைப்பு தலையிட்டது, பெரும் பகுதிக் கணினிகளில் லினக்ஸே தொடர்ந்தது. ஓர் அரசு அலுவலகம் உறுதியாக நின்றால் இப்படியும் முடியும் என்பதால் இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன்.

இந்தியாவுக்கு வருவோம். 2002 நவம்பரில் பில் கேட்ஸ் இங்கே வந்து, மூன்று ஆண்டுகளில் 40 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார். அதில் 2 கோடி டாலர் புராஜெக்ட் சிக்ஷா என்ற பள்ளித் திட்டத்துக்கு: 80,000 ஆசிரியர்களுக்கும் 35 லட்சம் மாணவர்களுக்கும் பயிற்சி. அந்தப் பயணத்தில் அவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமையும் சந்தித்தார். 2003 மே மாதம் புனேயில் ஒரு கல்வி நிறுவன விழாவில் கலாம் அந்தச் சந்திப்பைப் பற்றிப் பேசினார். திறந்த மூல மென்பொருள் பற்றிப் பேச்சு வந்தபோது இருவர் கருத்தும் வேறுபட்டது என்று சொல்லி, நூறு கோடி மக்களின் நன்மைக்காகத் திறந்த மூலம் இந்த நாட்டுக்குப் பெரிய அளவில் வந்து நிலைக்க வேண்டும் என்றார். ராமேஸ்வரத்துப் பள்ளிப் பிள்ளையாக இருந்தவர், விருந்தினரை மதித்துக்கொண்டே நாட்டின் தேவையைச் சொன்னார். அந்தப் பேச்சை நம் பள்ளிகளில் யாரும் நினைவுபடுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆவண வடிவங்களைப் பற்றிய, அதாவது கோப்புகளை எந்த முறையில் சேமிப்பது என்பது பற்றிய சண்டை அடுத்தது. கட்டற்ற ஆவண வடிவமான ஓ.டி.எஃப். 2006-இல் உலகத் தரநிலை ஆயிற்று. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வடிவத்தையும் தரநிலையாக்க 2007, 2008-இல் முயன்றபோது இந்தியத் தர நிர்ணய அமைப்பு எதிர்த்து வாக்களித்தது. அந்த வடிவம் உலக அளவில் ஏற்கப்பட்ட பிறகு தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. அரசின் திறந்த தரநிலைக் கொள்கை உருவானபோது, ஒரே துறைக்குப் பல தரநிலைகளை அனுமதிக்க வேண்டும் என்று மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் வாதாடியது. ஆர்வலர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2010 நவம்பரில் வந்த கொள்கை, உரிமக் கட்டணம் இல்லாத ஒற்றைத் தரநிலைக்கே முதலிடம் கொடுத்தது.

ஒரு நிறுவனம் தன் பொருளுக்காகப் பேசுவது குற்றமில்லை. ஆனால் நம் நாட்டில் அரசிடம் யார் யாருக்காகப் பேசினார்கள் என்று பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. மூடிய அறையில் பேச்சு முடிந்து, டெண்டர் அறிவிப்பில் ஒரு பொருளின் பெயர் மட்டும் வந்து நிற்கும்போதுதான் பெற்றோருக்குத் தெரிகிறது.

கோப்பு வடிவத்துக்கும் எங்கள் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருபது ஆண்டு வினாத்தாள்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அவற்றை எல்லாக் கணினியும் படிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற இரண்டு மாதம் ஆயிற்று. சிலவற்றை மீட்கவே முடியவில்லை. உங்கள் பிள்ளை இன்று எழுதுவதும் எல்லோருக்கும் பொதுவான வடிவத்தில் இல்லையென்றால் நாளைக்கு இதே கதிதான்.

இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்வதில் என்ன தவறு?

கொடுப்பவர் எதைத் திரும்ப எதிர்பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும். 1998-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசிய பில் கேட்ஸ், சீனாவில் மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொன்னார்: எப்படியும் திருடப் போகிறார்கள், நம்முடையதையே திருடட்டும், அதற்குப் பழக்கப்பட்டுவிடுவார்கள், அடுத்த பத்தாண்டில் வசூலிக்கும் வழியைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கும் இதே கணக்குப் பொருந்தும். பத்து வயதில் விரலுக்குப் பழகியதை இருபத்தைந்து வயதில் அலுவலகத்தில் கேட்டு வாங்குவோம்.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, மூன்றாண்டு இலவச உரிமம், ஆசிரியர்களுக்குச் சான்றிதழ், பிள்ளைகளுக்குப் பை என்று அன்பாகப் பேசினார். தலைமை ஆசிரியை கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். குழுவில் இருந்த ஒரு தாய், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர், "நான்காவது வருடம் என்ன ஆகும் சார்?" என்று மட்டும் கேட்டார். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைத் திருப்பினோம். அப்போதைய விலைக்குப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. மாணவர் பெயர்களோடு கணக்குத் தொடங்கப்படும் என்றும் இருந்தது. அந்த நான்காம் பக்கத்தை அதுவரை யாரும் படித்திருக்கவில்லை. கையெழுத்து அன்றைக்கு நின்றது.

லினக்ஸ் படித்தால் நாளைக்கு வேலை கிடைக்குமா?

பெங்களூரில் இருந்துகொண்டு இந்தக் கவலை வேண்டாம். இங்கே நிறுவனங்களின் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் கருவும் லினக்ஸ். உலகின் முதல் 500 மீக்கணினிகள் (சூப்பர் கம்ப்யூட்டர்கள்) அனைத்தும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில் இயங்குகின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடமே லிப்ரே ஆபிஸைக் கொண்டுதான் நடக்கிறது. அட்டவணையில் கூட்டல் போடத் தெரிந்த பிள்ளை எந்த அட்டவணை மென்பொருளிலும் போடும்.

பிள்ளை வீட்டிலேயே கற்க விரும்பினால், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. கட்டணம் இல்லை.

கட்டற்ற மென்பொருள் போட்டால் பிள்ளைகளின் விவரங்கள் பாதுகாப்பாக இருக்குமா?

அதனால் மட்டும் இருக்காது. இதில் நம் பக்கத்து ஆட்களே மிகைப்படுத்திப் பேசுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. பள்ளிப் பாடங்களுக்கான மத்திய அரசின் திக்ஷா இணையதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படையான சன்பேர்டு, பெங்களூரின் ஏக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய திறந்த மூல மென்பொருள். இருந்தும், 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் திக்ஷாவும் இடம்பெற்றது. ஆராய்ந்தவற்றில் 89 விழுக்காடு, குழந்தைகளின் உரிமைக்கு ஆபத்தான வகையில் தகவல்களைக் கையாண்டன என்றது அறிக்கை. 2023 ஜனவரியில், பூட்டப்படாத ஒரு சேமிப்பகம் வழியாக ஆசிரியர், மாணவர் விவரங்கள் வெளியே கிடந்ததும் செய்தியாயிற்று.

நிரல் திறந்திருப்பது ஒரு வசதி. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியார் சோதிக்க முடியும். ஆனால் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் கையில் போகிறது என்பது தனிக் கேள்வி. அதை எல்லா மென்பொருளுக்கும் கேட்க வேண்டும். டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகராட்சிப் பள்ளிகளில் கூகுளின் கல்விச் சேவையை அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு அமைப்பு 2022-இல் தடை செய்தது, இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லாததால்தான். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதலோடு கையாளச் சொல்கிறது. சிலருக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை அரசு வைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு இதைப் பற்றி என்ன சொல்கிறது?

காகிதத்தில் நம் பக்கம்தான் இருக்கிறது. பள்ளிக் கல்வியில் தகவல் தொழில்நுட்பம் பற்றிய 2012-ஆம் ஆண்டு தேசியக் கொள்கை, கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை என்கிறது. 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட திறந்த மூலக் கொள்கை, மத்திய அரசுத் துறைகளின் டெண்டருக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் அதைப் பரிசீலிக்க வேண்டும், விலக்கினால் காரணம் எழுத வேண்டும் என்கிறது. தலைமை ஆசிரியரிடம் பேசப் போகும்போது 2012 கொள்கையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

பழுதானால் யார் பார்ப்பார்கள்?

இதுதான் உண்மையான பலவீனம். மறைக்க மாட்டேன். மூலைக்கு மூலை இருக்கும் கணினிக் கடைக்காரருக்கு விண்டோஸ் தெரியும், லினக்ஸ் தெரியாது. சில பழைய பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். நுடி என்ற கன்னடத் தட்டச்சு மென்பொருளில் பழகிய அலுவலக எழுத்தர் ஒருங்குறிக்கு மாறச் சில வாரம் திணறுவார். அவருக்கு மட்டும் அலுவலகக் கணினியை அப்படியே விட்டுவைக்கச் சொல்வேன். மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் சாட்ஸ் தளம் பிரௌசரில் ஓடுவதால் அதற்குச் சிக்கல் வரவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் எட்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளும் நிறுவக் கற்றுக்கொண்டால் பாதிப் பழுது அங்கேயே தீரும். என் அனுபவத்தில் பிள்ளைகள் ஆசிரியரை முந்திக்கொள்வார்கள்.

பெற்றோர் என்ன செய்ய முடியும்?

குழுக் கூட்டத்தில் நான்கு விஷயங்களைக் கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்: கணினி அறை யார் பொறுப்பில் இருக்கிறது, என்ன ஒப்பந்தம், எப்போது முடிகிறது, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எந்த நிறுவனத்துக்குப் போகிறது. பள்ளியில் பதில் இல்லையென்றால் பி.இ.ஓ. எனப்படும் வட்டாரக் கல்வி அதிகாரியின் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகாவில் ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளைப் பற்றி, 150 சொல்லுக்குள் கேட்க வேண்டும் என்ற விதி உண்டு. அதனால் டெண்டர் பிரதிக்கு ஒன்று, ஒப்பந்தப் பிரதிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். கன்னடத்தில் எழுதினால் வேலை வேகமாக நடக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள், நன்றாக எழுதுவார்கள்.

எங்கள் பள்ளிக்கு வருவீர்களா?

வருவேன். தலைமை ஆசிரியரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். முதல் நாளில் எதையும் அழிக்க மாட்டோம். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டுவேன், பிடித்தால் அடுத்த வாரம் நிறுவலாம். பழைய கோப்புகளைப் பிரதி எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க் தேவைப்படும். மின்சாரம் இருக்குமா என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். கணினி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும்.